கோடைக்கு நாலே நாலு நல்ல சாப்பாடு: வேலூரிலா, ரயிலேறியா?

அக்கா ஏப்ரல் கடைசியில் புனேயிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வருகிறாள். மாமா ஜூன் முதல் வாரம் வந்து கூட்டிக்கொண்டு போவார். ஆக நாற்பது நாள். வேலூர் கத்திரி வெயிலில் அந்தப் பிள்ளைகளைப் பகலில் வெளியே விட முடியாது, வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்க முடியாது. போன வருஷம் இதற்கு நாங்கள் கண்ட வழி, சாயங்காலம் ஆறு மணி ஆனதும் "இன்னைக்கு எங்க போய் சாப்பிடலாம்?" என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். பில் என்று எது கைக்கு வந்தாலும் கசக்கிப் போட மனசு வராது. பீரோவில் அதற்கென்று ஒரு கவர் இருக்கிறது. அக்கா ஊருக்குப் போன பிறகு அதைக் கட்டில்மேல் கொட்டிக் கூட்டினேன். ஒன்பது வேளை, 31,000 ரூபாய் சொச்சம். செலவானது ஆகட்டும். ஆனால் அந்த ஒன்பதில் இன்றைக்கும் வீட்டில் பேச்சில் வருவது இரண்டுதான். மற்ற ஏழு வேளையும் என்ன சாப்பிட்டோம் என்பது பில்லைப் பார்த்தால்தான் தெரிகிறது. பன்னீர் பட்டர் மசாலா, பட்டர் நான், கோபி மஞ்சூரியன் என்று ஏழு பில்லிலும் ஒரே பல்லவி.

இந்த வருஷமும் அதே பணம்தான், 30,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாலே வேளை. அப்பா, அம்மா, நான், என் மனைவி, அக்கா, பிள்ளைகள் இரண்டு என்று ஏழு தலை. இந்த நாலையும் வேலூரிலேயே வைத்துக்கொள்வதா, சென்னைக்கு ரயிலேறுவதா, பெங்களூருவா, ஏலகிரி மலையா என்று ஒரு வாரமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேலூரில் இன்னும் நாலு குடும்பமாவது இருக்கும்.

முதலில் உள்ளூர். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வேலூரில் "பெரிய ஓட்டல்" என்று யாராவது கேட்டால் விரல் மடக்க ஒரு கை போதும். இப்போது ஃபார்ச்சூன் பார்க், ரீஜென்சி சமீரா, பழைய டார்லிங் ரெசிடென்சி என்று துணி நாப்கின் மடித்து வைக்கிற இடங்கள் நாலைந்து இருக்கின்றன. இந்த ஊரின் பெரிய ஓட்டல்கள் வளர்ந்ததற்கு நம்மைவிட வெளியூர்க்காரர்கள்தான் காரணம். 1900-இல் தொடங்கிய சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள், 1984-இல் தொடங்கிய விஐடிக்குப் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள், 2007-க்குப் பிறகு ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கு பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள். மதியம் ஒரு மணிக்கு ஏதாவது ஒரு ஓட்டல் ஏசி அறையில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து மேசையில் ஒரு வங்காளிக் குடும்பம், ஓரமாக மடக்கிய வீல்சேர், மெனு கார்டை மூடி வைத்துவிட்டு "உப்பு கம்மியா தயிர் சாதம் கிடைக்குமா?" என்று இந்தியில் கேட்கும் மகன். அதைச் செய்துகொடுக்க இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. வயசான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. எங்கள் அப்பாவுக்கு சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம். வேலூர் ஓட்டல்களில் இரண்டு பேருக்கும் எதையாவது மாற்றிச் செய்து தந்துவிடுகிறார்கள்.

மே, ஜூனில் விஐடி பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஊருக்குப் போய்விடும். வார நாளில் மேசை சுலபமாகக் கிடைக்கும், பரிமாறுகிறவருக்கும் நம்மிடம் நின்று பேச நேரம் இருக்கும். ஆனால் அதே மாதங்கள்தான் முகூர்த்த மாதங்களும். போன வருஷம் நாங்கள் ஏமாந்தது இங்கேதான். ஒரு நட்சத்திர ஓட்டல், பெயர் வேண்டாம். வைகாசி முகூர்த்தம் ஒன்றில் ராத்திரி பஃபேக்குப் போனோம். மாடி ஹாலில் ரிசப்ஷன், நாதஸ்வரம் கீழே வரைக்கும் கேட்கிறது. பஃபே மேசையில் தோசைக்கல் அணைந்து கிடக்கிறது. கேட்டால் மாஸ்டர் மேலே போயிருக்கிறாராம். மூடியைத் திறந்தால் வெஜ் குருமாவின் மேல் ஏடு கட்டியிருக்கிறது, கரண்டி போன தடம்கூட இல்லை. ரிசப்ஷனுக்குச் செய்த அதே ஐட்டங்கள், இரண்டாவது ட்ரிப்பில் கீழே இறங்கியிருக்கின்றன. ஏழு பேருக்கு முழு பஃபே காசு. குழந்தைகள் ஐஸ்கிரீம் மட்டும் சாப்பிட்டு வந்தன. அதிலிருந்து ஒரு பழக்கம்: போன் செய்து மேசை சொல்லும்போதே "இன்னைக்கு ஹால்ல ஃபங்ஷன் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். இருக்கு என்றால் அன்றைக்கு அந்தப் பக்கம் போவதில்லை.

அப்புறம் மொட்டை மாடி ஓட்டல்கள். படத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். கோட்டைப் பக்கம் விளக்குகள், மெல்லிய காற்று, மேலே நிலா. மே மாதம் ஏழரை மணிக்குப் போய் உட்கார்ந்தால் நாற்காலியின் இரும்புக் கைப்பிடி சுடும். பகலெல்லாம் வெயில் வாங்கிய தளம் ராத்திரி ஒன்பது வரைக்கும் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் வாரி நம்மேல் அடிக்கும். ஒன்பதுக்கு மேல் போனால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அப்பா எட்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போடுகிற மனிதர். கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள் ராத்திரி கிடைத்தால் மாடிக்கு ஈடு இணை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அதை முன்கூட்டியே பதிவு செய்ய முடியாது என்பதுதான் சிக்கல்.

உள்ளூர் ஓட்டலுக்கு ஆதரவாக நான் சொல்லும் பெரிய காரணம் வரி. இதை எழுதாமல் விட்டால் ஆபீஸில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஓட்டலுக்குள் அறையும் வாடகைக்கு விட்டு, அந்த அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டியிருந்தால், அதே கூரைக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக்கு 18 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் இதில் போன நிதியாண்டில் உண்மையாக வாங்கிய வாடகையைப் பார்க்கிறார்கள். ஓட்டல்காரர் தாமாகவே 18 சதவீதக் கணக்குக்கு வருகிறேன் என்று எழுதிக்கொடுக்கவும் செய்யலாம். வேலூரில் 7,500-க்கு மேல் அறை என்பது அபூர்வம், பெரும்பாலும் 5 சதவீதத்தோடு போகும். சென்னையில் ஐந்து நட்சத்திரம் என்றால் 18 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் 7,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் இங்கே வரி 350, அங்கே 1,260. ஒரே சாப்பாடு, 910 ரூபாய் வித்தியாசம்.

இதில் சர்வீஸ் சார்ஜ் என்று 10 சதவீதம் வேறு சேர்ந்திருந்தால் 700 ரூபாய், அதற்கும் சேர்த்து வரி. இதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. பில்லில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம், சண்டை போட வேண்டியதில்லை. நன்றாகக் கவனித்துக்கொண்ட பையனுக்கு அந்தப் பணத்தில் பாதியைக் கையில் கொடுத்தால் அவன் சிரிக்கிற சிரிப்பே வேறு.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து குடிக்கும் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கோடையில் ஏழு பேர் என்றால் எட்டுப் பத்து பாட்டில் சர்வ சாதாரணமாகக் காலியாகும். உட்கார்ந்ததும் "சாதா தண்ணி கொடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. சொல்ல வெட்கப்பட்டால் அந்த வெட்கத்துக்கு நூற்றுக்கணக்கில் விலை.

இனி சென்னை. ஒரு காலத்தில் சென்னையில் சாப்பிடுவது என்றால் எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடுதான். காரில் 140 கிலோமீட்டர், வாலாஜாவுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் முடியாத ரோடு வேலை, இரண்டு டோல்கேட், சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஓட்டுகிறவனுக்குத் தூக்கம். ரயில் என்றால் ராத்திரி பத்தரைக்கு மேல் கிளம்பும் மெயிலில் ஏறி, நள்ளிரவு தாண்டி, வேலூருக்கு இறங்க வேண்டிய காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ தேட வேண்டும். பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அதை ஒருமுறை செய்தவர்கள் மறுமுறை செய்யமாட்டார்கள்.

2024-இல் சென்னை–மைசூரு இரண்டாவது வந்தே பாரத் ரயில் வந்த பிறகு இந்தக் கணக்கே மாறிவிட்டது. மைசூருவிலிருந்து வருவது காட்பாடிக்குக் காலை பத்தரை வாக்கில், சென்ட்ரலுக்குப் பன்னிரண்டரைக்குள். திரும்பிப் போவது சாயங்காலம் ஐந்து மணிக்கு சென்ட்ரலில் கிளம்பினால் ஆறரைக்குள் காட்பாடி. மதியச் சாப்பாட்டுக்கென்றே அட்டவணை போட்ட மாதிரி இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கி அப்படியே மெட்ரோவில் ஏறினால் ஆயிரம் விளக்கு, கிண்டி எல்லாம் நேர் ரயில். வெயில் தலையில் விழுவது ஸ்டேஷன் வாசலிலிருந்து ஓட்டல் வாசல் வரைக்கும்தான். ஒன்றேகால் மணிக்குள் உட்கார்ந்துவிட்டால் மூன்றரை வரைக்கும் நிதானமாகச் சாப்பிடலாம். கோடை மதியம் முழுக்க அடுத்தவன் ஏசியில் கழிந்த மாதிரியும் ஆச்சு. வேலூரில் அந்த இரண்டு மணி நேரம்தான் வீடு அடுப்பாக இருக்கும்.

சென்னையில் எங்கே என்பது அடுத்த கேள்வி. அம்மாவுக்கு 'தக்‌ஷின்' ஞாபகம். அந்த உணவகம் இருந்த ஆழ்வார்பேட்டை ஓட்டல் பார்க் ஷெரட்டனாக இருந்த காலத்தில், அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அப்பா கூட்டிப்போன இடம். அந்த ஆழ்வார்பேட்டை ஓட்டல் 2023 டிசம்பரோடு மூடப்பட்டுவிட்டது என்று சொன்னபோது "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் இருக்கும் 'அவர்தனா'வுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன், முதலாளி செலவில், ஆடிட் சீசன் முடிந்த சந்தோஷத்தில். 2017-இல் தொடங்கிய இடம். 2025-இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 30-ஆவது இடத்தில் இருந்தது. அங்கே நாம் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஏழு வகையிலிருந்து பதின்மூன்று வகை வரைக்கும் வரிசை வரிசையாக அவர்களே கொண்டுவருவார்கள், எல்லாம் தென்னிந்தியச் சாப்பாட்டைப் பிரித்துப் போட்டு வேறு மாதிரி கட்டியது. மார்ட்டினி கோப்பையில் தெளிந்த தக்காளி ரசம் வரும். நிறமே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு வாய் குடித்தால் தொண்டையில் எங்கள் அம்மா ரசம்! அதை வீட்டில் வந்து சொன்னதற்கு அப்பா, "ரசம் குடிக்கவாடா மெட்ராஸ் போன?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அது ருசி பார்க்கிறவர்களுக்கான இடம். ஏழு பேரோடு, அதுவும் எட்டு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டாக வரும் வரைக்கும் காத்திருந்தால் பணமும் போகும், பொறுமையும் போகும். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் நாலு வேளைப் பணத்தையும் சேர்த்து அங்கே ஒரே வேளையில் கொட்டுங்கள் என்றே சொல்வேன்.

குடும்பத்தோடு என்றால் தாஜ் கோரமண்டலில் 'சதர்ன் ஸ்பைஸ்' மாதிரி இடம் பொருத்தம். நாலு மாநிலச் சாப்பாடு, நாம் கேட்டதைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள், அப்பாவும் "இது இன்னா?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிடலாம். மதியம் எந்தெந்த நாள் திறந்திருக்கிறது என்று போனில் கேட்டுக்கொள்வது அவசியம். பெரிய இடங்களில் மதியத்துக்கு ஒரு விதி, ராத்திரிக்கு ஒரு விதி.

அப்பாவுக்கு இன்னொரு கவலை, வேட்டியோடு உள்ளே விடுவார்களா என்று. 2014-இல் ஒரு சென்னை கிளப்பில் நீதிபதியையே வேட்டிக்காகத் தடுத்த பிறகு, அப்படித் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஓட்டலில் நான் பார்த்தவரை வேட்டிக்கு மரியாதைதான். முட்டிக்கு மேல் நிற்கிற என் அரைக்கால் சட்டையைத்தான் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்கள்.

பெங்களூருவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ரெசிடென்சி ரோட்டில் 1990-லிருந்து இருக்கும் 'கரவல்லி'யின் கடற்கரைச் சாப்பாட்டுக்காக நான் எப்போது வேண்டுமானாலும் போவேன். ஆனால் காலை ரயிலில் பத்தேகாலுக்கு இறங்கி, மூன்று மணிக்குள் திரும்ப ரயிலேற வேண்டும். சாப்பிட்டு முடிப்பதற்குள் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். ராத்திரி தங்கினால் சரி, அப்போது அறை வாடகை சாப்பாட்டைவிடப் பெரிசாகும். போதாததற்கு ஏப்ரலில் பெங்களூருவும் இப்போது வேகத்தான் செய்கிறது. அங்கே சொந்தக்காரர் வீடு இருப்பவர்கள் தவிர மற்றவர்கள் விட்டுவிடலாம்.

ஏலகிரி? குளிர்ச்சி உண்டு, பதினாலு கொண்டை ஊசி வளைவும் உண்டு. சாப்பிட்டுவிட்டு ராத்திரி அதில் இறங்க நான் தயாராக இல்லை. மே மாதக் கோடை விழா சமயத்தில் மேலே வண்டி நிறுத்தவே இடம் தேட வேண்டும். சாப்பாட்டுக்காக யாரும் ஏலகிரி போவதில்லை. போன இடத்தில் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

பட்டியலில் துணி நாப்கின் இல்லாத ஓர் இடமும் இருக்கிறது. ஆம்பூர். வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் மேற்கே. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது, ஆனால் பிரியாணி விஷயத்தில் அதை நாங்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. போன வருஷம் பேச்சில் நின்ற இரண்டு வேளையில் ஒன்று இதுதான். பிரியாணி என்றால் பாசுமதி என்று நினைத்துக்கொண்டிருந்த புனே பிள்ளைகள் சீரக சம்பாவை முதல்முதலாகப் பார்த்தன. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் கறி வெந்து, தனியே அரைவேக்காட்டில் வடித்த அரிசி அதன்மேல் விழுந்து தம் ஏறுகிறது. மசாலா வாசனை முகத்தில் அடிக்காது, கறி வாசனைதான் முன்னால் வரும். கூடவே புளிப்பான கத்தரிக்காய். அம்மா அதை ஒரு விள்ளல் எடுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரியில செஞ்சா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஏழு பேருக்கு ஆன செலவு, பெரிய ஓட்டலில் இரண்டு பேருக்கு ஆவதைவிடக் குறைவு. பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும், முதல் அண்டா திறக்கும் நேரம். சனிக்கிழமை மட்டும் கூடாது, அன்றைக்கு அப்பா அசைவம் தொடமாட்டார்.

ஆக இந்த வருஷக் கணக்கு இப்படி நிற்கிறது. சென்னை மதியச் சாப்பாடு ஒன்று, அதற்கு 17,000, ரயில் டிக்கெட் தனி. வேலூரில் இரண்டு ராத்திரி, வார நாளில், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, ஒன்றுக்கு 5,000. அதில் ஒன்றுக்கு மட்டும் தேதி வைக்கவில்லை. மழை பெய்த மறுநாள் மாடியில் என்று வைத்திருக்கிறேன், அன்றைக்கு அப்பா வீட்டிலேயே இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டு ஐஸ்கிரீமுக்கு வரட்டும். ஆம்பூர் ஒன்று, மிச்சத்தில். இந்த இரண்டு ராத்திரியும் ஓட்டலில் இனிப்பு சொல்வதில்லை என்று அக்காவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வீட்டில் ஃபிரிட்ஜில் இருக்கும். கோவா மாவைப் பொரித்து, உள்ளே பருப்பு வைத்துப் பாகில் ஊறவைத்த அந்த உருண்டைக்கு முன்னால் பஃபே குலாப் ஜாமூன் நிற்காது.

பயம் ஒன்றே ஒன்றுதான், ரயில். காலையில் அது முக்கால் மணி நேரம் தாமதமானால் சென்னைச் சாப்பாட்டில் முக்கால் மணி நேரம் போச்சு. அதனால் மேசையை ஒன்றரைக்குச் சொல்லப்போகிறேன். டிக்கெட் இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, அந்த ரயில் வாரத்தில் ஒரு நாள் ஓடுவதும் இல்லை. ஏழு சீட்டும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து வேண்டும் என்றால் திறந்த அன்றைக்கே காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து போட்டுவிட வேண்டும். அப்பாவுக்கு ஜன்னலோரம் வேண்டுமாம், அதுவும் ஆறு தெரிகிற பக்கம். ஆற்றில் மணலைத் தவிர என்ன தெரியப்போகிறது என்று நான் கேட்கவில்லை.